முனியாண்டியின் முதல் பாட்டில்

ஏழரைக்கு ராகு காலம். அதற்குள் முதல் பாட்டில் நிரம்பியாக வேண்டும்.

முதலாளி பழனியப்பன் கடிகாரத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். 1931ஆம் வருஷம், ஒரு திங்கட்கிழமை. கோலாலம்பூருக்கு மேற்கே கிள்ளான் ஆற்றை ஒட்டி, முன்பு ரப்பர் ஷீட் அடுக்கிய கிடங்கில்தான் அவருடைய மருந்துச் சாலை இருந்தது. அங்கே காய்ச்சிய ஜுர டானிக் கிள்ளானிலிருந்து செமினி வரை தோட்டக் கூலிகள் குடியிருந்த லயங்களுக்கெல்லாம் போயிற்று. கரும்பழுப்பு நிறம். நாக்கில் பட்டால் அரை நாளைக்குப் போகாத கசப்பு. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் உள்ளே தள்ளிவிடுவார்கள். அதை ருசி பார்த்துக் குடித்தவர் எவரும் கிடையாது.

இதுவரை பெண்கள் புனல் வைத்துக் கையால் ஊற்றினார்கள். இன்று முதல் மெஷின்.

இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது அது. மேலே ஒரு வெண்கலத் தொட்டி, அதன் அடியில் வட்டமாக ஆறு மூக்குகள். எண்ணெய் எஞ்சின் பெல்ட்டை இழுக்க, இரும்புத் தட்டு ஆறு பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு மேலே போகும். பாட்டிலின் வாய் முட்டியதும் மூக்கு திறக்கும். கழுத்து வரை நிரம்பியதும் தானாக மூடிக்கொள்ளும். ஒரு சொட்டு சிந்தாது.

"ராவணனுக்குப் பத்துத் தலை. இவனுக்கு ஆறு மூக்குதானா?" என்றாள் புனல்காரி புஷ்பவல்லி.

"சிரி, சிரி. அந்த ஆறு மூக்கும் நம்ம சோத்தைத்தான் மோப்பம் பிடிக்குது" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

சிரிப்பு கிளம்பி உடனே அடங்கிற்று. ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த வருஷம் அது.

மெஷினைப் பூட்டியவன் ரபேல். முப்பத்திரண்டு வயது. செந்தூல் ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்து, ஆள்குறைப்பில் வெளியே தள்ளப்பட்டவன். மருந்துச் சாலைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. எல்லோரும் மெஷினை வேடிக்கை பார்க்க, அவனுக்கு மட்டும் வியர்த்துக்கொண்டிருந்தது.

கடற்பயணத்தில் துருப்பிடிக்காமல் இருப்பதற்காக மெஷினின் உள்ளும் புறமும் கிரீஸ் அப்பி அனுப்பியிருந்தார்கள். அதைக் கரைக்க முந்தின நாள் தொட்டி நிறையக் காஸ்டிக் கரைசலை ஊற்றி வைத்திருந்தான். மேலே பட்டால் தோலை உரித்துவிடும் சரக்கு. வடித்த பிறகு மூன்று தடவை வெந்நீர் விட்டு அலச வேண்டும் என்று மெஷினோடு வந்த புத்தகம் சொல்லிற்று. ஒரு தடவைதான் அலசியிருந்தான்.

"மணி ஏழு பத்து, மேஸ்திரி! அலசினது போதும்" என்றார் முதலாளி.

"குழாய் வளைவுல காஸ்டிக் தங்கியிருக்கும், முதலாளி. இன்னும் ரெண்டு தடவை..."

"மெதுவாப் பேசுங்க! மருந்து மெஷின்ல காஸ்டிக்னு இந்தப் பொம்பளைங்க ஒருத்தி காதுல விழுந்தாப் போதும், சாயங்காலம் பாசார் முழுக்கப் பேச்சாயிடும். முதல் நாலு பாட்டிலைக் கீழே ஊத்திட்டா சரியாப் போச்சு."

"நாலு போதாது. பன்னிரண்டு."

"பன்னிரண்டே ஊத்துங்க. ஏன், எதுக்குன்னு யாருக்கும் சொல்ல வேணாம்."

ரபேல் தலையை ஆட்டினான். மூன்று மாதம் வேலையில்லாமல் தெருத் தெருவாக அலைந்தவனுக்குத் தலையை ஆட்டுவது சுலபமாக வந்தது.

பாட்டில் அறைக்குத் தலைவர் கன்னையா. ஐம்பத்தைந்து வயது. பத்து வருஷமாக அங்கே இருப்பவர். ரபேல் அவரைக் கூப்பிட்டான்.

"கன்னையாண்ணே, முதல் ரெண்டு சுத்துல வர்ற பன்னிரண்டு பாட்டிலையும் சாக்கடையில ஊத்திடுங்க. ஒண்ணு விடாம."

"பன்னிரண்டுமா? ஏன் மேஸ்திரி?"

"புது மெஷின். அப்படித்தான்."

சொல்லிவிட்டு எஞ்சின் பக்கம் ஓடினான். ஏழு பதினெட்டுக்குத் தட்டு மேலே எழுந்தது. ஆறு பாட்டில்களும் கறுத்து நிரம்பி இறங்கின. முதலாளி கண்களை மூடிக் கும்பிட்டார்.

அதன்பின் இரண்டு மணி நேரம் ரபேல் நிமிரவில்லை. பெல்ட் நழுவிற்று, சரி செய்தான். நான்காவது மூக்கு சொட்டிற்று, இறுக்கினான். ஒன்பதரைக்குத்தான் கையைத் துடைத்துக்கொண்டு சாக்கடை ஓரம் வந்தான். ஊற்றிய பாட்டில்களைக் கழுவப் போடும் மரப்பெட்டி அங்கே இருந்தது. பன்னிரண்டு குழி வைத்த பெட்டி. பதினொரு குழிகளில் பாட்டில்கள் கவிழ்ந்து கிடந்தன.

"கன்னையாண்ணே! இன்னொண்ணு எங்கே?"

கன்னையா சிரித்த முகமாகத்தான் வந்தார்.

"அது சாமி பாட்டில்லா, மேஸ்திரி."

புதிதாக டானிக் இறக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் நிரம்பும் பாட்டில், வாசல் கேட் அருகே அரச மரத்தடியில் இருக்கும் முனியாண்டிக்கு. கழுத்தில் மஞ்சள் நூல் சுற்றி, சூடம் காட்டி, கும்பிட்டு எடுப்பார்கள். பிறகு வேலையாட்கள் வீட்டில் யார் ஜுரத்தில் கிடக்கிறாரோ அவருக்கு அது போகும். அங்கே எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ரபேல் மாதா கோயிலுக்குப் போகிறவன். அவனுக்கு இதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

"முதல்ல நிறைஞ்சது சாமிக்கு. அதைப் போய் சாக்கடையிலயா ஊத்துவாங்க? மத்த பதினொண்ணையும் ஊத்திட்டேன். மெஷினும் ஓடணும், நம்ம பொம்பளைங்க வேலையும் போகக்கூடாதுன்னு நல்லா வேண்டிக்கிட்டேன்."

"பாட்டில் இப்போ எங்கே இருக்கு?"

"கோலாலம்பூர்ல, பிரிக்பீல்ட்ஸ்ல. எம்மவ இராஜம்மாவுக்கு நாலு நாளா ஜுரம். வயித்துல ஏழு மாசம் வேற. வேலாயுதம் லோரி ராகு காலத்துக்கு முன்னாடியே கிளம்பிடுச்சு. கடைக்கெல்லாம் அப்புறம் போலாம், முதல்ல எம்மவ வீடுன்னு சொல்லிக் குடுத்துவிட்டேன்."

ரபேல் அவர் கையைப் பிடித்தான்.

"அண்ணே, அதுல காஸ்டிக் இருக்கு."

அந்தச் சொல் கன்னையாவுக்குத் தெரியும். வாலிபத்தில் சோப்புக் கம்பெனியில் வேலை பார்த்தவர். அவருடைய இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மயிர் முளைக்காத தழும்பு ஒன்று உண்டு. அவர் ரபேலைப் பார்த்தார். பிறகு தழும்பைப் பார்த்தார். அடுத்த கணம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

"எங்கே போறீங்க ரெண்டு பேரும்? மெஷின் ஓடுது!" என்று முதலாளி கத்தியது காதில் விழுந்தது. ரபேல் திரும்பாமல் கன்னையாவோடு ஸ்டேஷனுக்கு ஓடினான்; வழியிலேயே மகள் வீட்டு விவரத்தைக் கேட்டுக்கொண்டான்.

ஒன்பது ஐம்பதுக்குக் கோலாலம்பூர் வண்டி. கிள்ளான் ஸ்டேஷன் கிளார்க் கொர்னேலியஸ், ரபேலோடு பள்ளியில் படித்தவன்.

"என்னடா இப்படி இரைக்குது? நாய் துரத்துதா?"

"தந்தி தட்டு, கொர்னேலியஸ். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லைன் வீடு. பாயிண்ட்ஸ்மேன் பாலன் பொண்டாட்டி இராஜம்மா. மஞ்சள் நூல் கட்டின டானிக் பாட்டில். குடிக்கக் கூடாதுன்னு வீட்டுக்கு உடனே ஆள் விடச் சொல்லு. அது விஷம்."

கொர்னேலியஸ் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவன் விரல் தந்திக் கட்டையில் படபடத்தது. கார்டு ஊதல் ஊதினார். வண்டி அசைந்தது. பதில் வரும்வரை ரபேலும் கன்னையாவும் ஜன்னலடியிலேயே நின்றார்கள்.

"ஆள் போறான்! ஓடுங்க, ஏறுங்க!"

ஓடி ஏறினார்கள்.

ஒரு மணி நேரப் பயணம். செய்வதற்கு ஒன்றுமில்லாத ஒரு மணி நேரம். பாடாங் ஜாவா ஸ்டேஷன் போயிற்று. ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகப் பின்னால் ஓடின. கன்னையா பெஞ்சின் நுனியில், வண்டியைத் தாமே தள்ளுகிறவர் போல முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஆள் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பான்ல, மேஸ்திரி?"

"சேர்ந்திருப்பான்."

"ஸ்டேஷன்லேர்ந்து லைன் வீடு கிட்டத்தான். சைக்கிள்ல அஞ்சு நிமிஷம்."

"ஆமாண்ணே."

பத்து தீகா ஸ்டேஷனில் வண்டி நின்றது. தயிர்க்காரி ஒருத்தி பானையோடு ஏறுவதற்கு ஒரு யுகம் எடுத்துக்கொண்டாள். கன்னையா எழுந்து பானையைப் பிடுங்கி உள்ளே வைத்தார். "என்னா அவசரம் பெரியவருக்கு? மாப்பிள்ளை அழைப்பா?" என்று அவள் சீறினாள். அவர் மறுபடி பெஞ்சின் நுனிக்கு வந்து உட்கார்ந்தார்.

"நீங்க தண்ணி விட்டு அலசினீங்கல்ல? அப்போ கொஞ்சந்தானே இருக்கும்?"

"அலசினேன்."

"எத்தனை தடவை?"

ரபேல் ஜன்னலைப் பார்த்தான். "ஒரு தடவை."

கன்னையா கைத் தழும்பைத் தடவிக்கொண்டார். பிறகு அவரே ஆரம்பித்தார்.

"அவளுக்கு மருந்துன்னாலே பயம். சின்னப் புள்ளையில கையைக் காலைப் பிடிச்சுத்தான் ஊத்தணும். இன்னைக்கும் அப்புறம் குடிக்கலாம்னு அடுப்படியில வெச்சிருப்பா. என்ன சொல்றீங்க?"

"இருக்கும்ணே. அப்படித்தான் இருக்கும்."

பெட்டாலிங் தாண்டிற்று. கன்னையா ரபேலின் பக்கம் திரும்பினார்.

"ஆனா சாமி பாட்டில்னா குடிச்சிடுவா, மேஸ்திரி. நாந்தான் சொல்லி வளர்த்தேன்."

ரபேல் கண்களை மூடிக்கொண்டான். மாதாவை நினைத்து மனசுக்குள் சொன்ன மங்கள வார்த்தை ஜெபம் பாதியில் அறுந்தது. தொடக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தான். மறுபடியும் அறுந்தது.

"ஏன்னு உங்கள்ட்ட கேட்டேனே" என்றார் கன்னையா. கோபமாகக்கூட இல்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"முதலாளி சொல்ல வேணாம்னார்ணே."

சொன்ன பிறகு, சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று ரபேலுக்குத் தோன்றிற்று.

கோலாலம்பூரில் வண்டி நிற்குமுன் இருவரும் குதித்தார்கள். தண்டவாளங்களைக் கடந்து, கரிப்புகைக்குள் புகுந்து, லைன் வீடுகளை நோக்கி ஓடினார்கள். கன்னையாவின் செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றுவிட்டது.

ஏழாம் நம்பர் வீட்டு வாசலில் கூட்டம். சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ரயில்வே பியூன் தலைகுனிந்து நின்றான். கன்னையா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்து வீட்டுப் பவுனம்மாள்தான் பேசினாள்.

"இப்போ வந்து என்னண்ணே பண்ணப் போறீங்க? இந்த ஆளு வந்தது பத்து மணிக்கு. அவ ஒன்பதுக்கே குடிச்சிட்டாளே! லோரிக்காரர் குடுத்ததும் கண்ணுல ஒத்திக்கிட்டு, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மடக்குனு குடிச்சா. அப்புறம் ஒரு சத்தம் போட்டா பாருங்க... அதுக்கப்புறம் சத்தமே வரலை. பாலனைக் கூப்பிட்டு, ரிக்ஷாவுல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கு."

ஒன்பது மணி. ரபேல் பெட்டியைப் பார்த்தது ஒன்பதரைக்கு. ஓட்டம், தந்தி, ரயில், எல்லாமே அவள் குடித்து முடித்த பிறகு நடந்தவை.

வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். தரையில் பாட்டில் கிடந்தது. சிந்திய டானிக் பட்ட இடத்தில் பாயின் சாயம் வெளுத்திருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பாலன் கரி படிந்த சட்டையோடு சுவரைப் பார்த்து நின்றான். மாமனாரைக் கண்டும் திரும்பவில்லை. வெள்ளைக்கார டாக்டர் வெளியே வந்து, பெண் என்ன குடித்தாள் என்று தெரிந்தவர் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அங்கே அந்த மொழி தெரிந்தவன் ரபேல் ஒருவன்தான்.

"காஸ்டிக் சோடா, சார். மெஷின் கழுவியது."

"எவ்வளவு காரம்?"

குறைத்துச் சொல்லலாம். குறைத்துச் சொன்னால் அவள் தொண்டையில் ஒன்றும் குறையப் போவதில்லை.

"ஒரு கேலன் தண்ணீருக்கு ஒரு பவுண்டு. நான்தான் கரைத்தேன்."

எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிறுத்தினார். பேனாவை மூடிப் பையில் செருகினார். குரலைத் தாழ்த்தி நாலைந்து வாக்கியம் பேசினார். கன்னையா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் என்ன சொல்றாரு, மேஸ்திரி?"

ரபேலின் தலை, காலையில் முதலாளி முன்னால் ஆடியது போல, ஒன்றுமில்லை என்று ஆடப் பார்த்தது. அதை நிறுத்தினான்.

"குழந்தை போயிடுச்சாம்ணே. இராஜம்மா... ராத்திரியைத் தாண்ட மாட்டாளாம். போய்ப் பார்க்கச் சொல்றாரு."

பாலன் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டான். கன்னையா அழவில்லை. சொன்னதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு ரபேலின் சட்டையைப் பிடித்தார்.

"தண்ணி குடுக்கலாமான்னு கேளுங்க. ஜுரக்காரி, மேஸ்திரி. தாகமா இருக்கும்."

ரபேல் கேட்டான். டாக்டர் இல்லையென்று தலையசைத்தார்.

"கூடாதாம்ணே. விழுங்க முடியாதாம். மூச்சுக்குழலுக்குள்ள போயிடுமாம்."

"ஒரு சொட்டு? உதட்டுல மட்டும்?"

மறுபடி கேட்டான். மறுபடி அதே தலையசைப்பு.

கன்னையா ஒற்றைச் செருப்போடு உள்ளே போனார். இராஜம்மா விழித்துத்தான் இருந்தாள். முகமெல்லாம் வீங்கி, வாய் மூட முடியாமல் கிடந்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு அவள் பார்வை மெல்ல நகர்ந்து, பக்கத்துக் கட்டில்காரியின் தண்ணீர்க் கூஜாவில் போய் நின்றது. அங்கேயே நின்றது.

கன்னையா அந்தக் கூஜாவை எடுத்தார். அவள் கண்ணுக்குப் படாதபடி கட்டிலின் மறுபுறம் தரையில் வைத்துவிட்டு, அதை மறைத்தாற்போல் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.