சுவரில் சுட்ட பொன்

எங்கள் ஊர் செத்துப்போய்விட்டது என்று அறிவிக்கும் கடிதத்தைத் தபால்காரன் என் கையில்தான் கொடுத்தான். கையெழுத்தும் வாங்கிக்கொண்டான். ஸ்பெயினின் அல்மேரியா கடலோரத்து எங்கள் லாஸ் பெர்மேஹாஸ் ஆளில்லாத பழைய தங்கச் சுரங்க ஊராம். பார்க்க வருகிறவர்கள் வண்டி நிறுத்துவதற்காகக் கடல் பக்கத் தெருவை இடிக்கப் போகிறார்களாம். திங்கட்கிழமை அதிகாரி வந்து கதவுகளில் குறி போடுவாராம். அந்தத் தெருவில் ஆளில்லாத வீடுகள் ஒன்பது. பத்தாவது என்னுடையது. பதினொன்றாவது பிராக்செதஸுடையது.

"செத்தவனுக்கு எதுக்குய்யா வீடு?" என்றாள் பிராக்செதஸ். காதில் தொங்கும் பெரிய பொன் வளையங்கள் அவள் திட்டும்போது இன்னும் வேகமாக ஆடும். "பேசாம மகன்கிட்டப் போய்ச் சேரு, எலாதியோ."

"நான் போயிட்டா நீ யாரைத் திட்டுவே?"

சுரங்கத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன் நான். வெளியே வரும்போது பை, செருப்பு, வாய் எல்லாவற்றையும் சோதிப்பார்கள். தலைமுடியை மட்டும் விட்டுவிடுவார்கள். எனக்கு அப்போது இருந்த முடியில் ஒரு குருவி கூடு கட்டியதால், மூன்று வாரம் நான் தலையை ஆட்டாமல் பாறை உடைத்தேன். சனிக்கிழமை தோறும் வீட்டுத் தொட்டியில் தலையை அலசுவோம். அடியில் தங்கும் வண்டலில் பொன் துகள் இருக்கும். காவலாளிகள் வீடுகளையும் சோதிக்க ஆரம்பித்ததும் வண்டலைச் சுண்ணாம்பில் கலந்து சுவரில் பூசிவிட்டோம்.

ஊர் பார்க்க வருகிறவர்களிடம் இருபது வருடமாக இதைத்தான் சொல்கிறேன். சுவரில் பூசியது தவிர எல்லாம் உண்மை. வண்டலைத் துறைமுகத்துக் கசாப்புக்காரனிடம் விற்றோம்.

சுரங்கத்தில் இன்னொன்றும் கற்றேன். தலைநகர் மாட்ரிடிலிருந்து பங்குதாரர்கள் வருவதற்கு முந்தின நாள், மேலாளர் தோட்டாவிலிருந்து ஈயக் குண்டுகளை எடுத்துவிட்டுப் பொன் தூளை அடைத்து வெறும் பாறையில் சுடுவார். மறுநாள் பாறை மின்னும். கனவான்கள் பணப்பெட்டியைத் திறப்பார்கள். ஊரை விற்க அவர் செய்த வேலையை ஊரில் இருக்க நான் செய்யக் கூடாதா? சனிக்கிழமை என் பொன் பல்லைக் குறடால் பிடுங்கினேன். அரத்தால் ராவித் தூளாக்கினேன். தோட்டாவில் அடைத்து, என் பழைய துப்பாக்கியால் வீட்டு முன்சுவரில் சுட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பிராக்செதஸ் துப்பாக்கியை இரவல் கேட்டாள். கோழிக் கூண்டுக்கு நரி வருகிறதாம். கொடுத்தேன். அவள் பக்கம் இரண்டு முறை வெடித்தது. நரிக்கு நல்ல காலம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அமாயா என்ற இளம் அதிகாரி மஞ்சள் பெயின்ட் டப்பாவோடு வந்து இறங்கினாள். நல்ல ஆகஸ்ட் வெயில். பிராக்செதஸ் கம்பளி முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"பெரியவரே, இங்க யாருமே இல்லன்னு சொன்னாங்களே?"

"யாரும் இல்லம்மா. நாங்க பேய். தாராளமா குறி போடு. ஆனா சுவத்துல பொன் இருக்கு. சோதிக்காம இடிச்சா நாளைக்கு உன் தலையிலதான் வந்து விழும்." தொட்டிக் கதையைச் சொன்னேன். குருவியையும் விடவில்லை.

"என் வீட்டுச் சுவத்தைச் சுரண்டிப் பாரு," என்றேன்.

அவள் சிரித்தாள். "நான் மண்ணும் பாறையும் படிச்சவ, பெரியவரே. நீங்க காட்டுற சுவத்துல கை வைப்பேனா?"

நேராகப் போய்ப் பிராக்செதஸின் சுவரைச் சுரண்டினாள். என்னிடம் இருந்தது ஒரே ஒரு பொன் பல்.

சுரண்டிய தூளை நான் பொன் அரிக்கும் பழைய தட்டில் கொட்டினாள். தண்ணீர் விட்டு அரித்தேன். சுண்ணாம்பு கலங்கி வழிந்தது, மணல் ஒதுங்கியது. தட்டின் ஓரத்தில் ஏழெட்டுத் துகள் மஞ்சளாக மின்னின. என் வாய் பிளந்தது. ஓட்டை ஞாபகம் வந்து மூடினேன்.

அமாயா தட்டைப் பார்த்தாள். என் வாயைப் பார்த்தாள். வெயிலில் வியர்த்து வழியும் பிராக்செதஸின் முக்காட்டை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்தாள்.

"ஆய்வு முடியிற வரைக்கும் இடிக்கக் கூடாதுன்னு எழுதுறேன்."

"முடிய எத்தனை நாளாகும்மா?"

"எங்க ஆபீஸ்லயா? போன ஆய்வை ஆரம்பிச்சவரு ரிட்டயரே ஆயிட்டாரு. சரி, இங்க குடியிருக்கிறது எத்தனை பேரு?"

"ரெண்டு," என்றாள் பிராக்செதஸ். "இவனுக்குப் பல்லைக் கழிச்சா ஒண்ணே முக்கால்."

"ரெண்டுன்னே போடுறேன்," என்று அழுத்தி எழுதினாள் அமாயா.

வண்டி மலைத் திருப்பத்தில் மறைந்ததும், "முக்காட்டை எடு," என்றேன்.

எடுத்தாள். இரண்டு காதும் மூளி.

"ரெண்டு வளையமுமா?"

"அவ எங்க சுரண்டுவான்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்? சுவர் முழுக்க அடிச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா பஸ்ஸுல வர்றவங்க அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கும்."

பெயின்ட் டப்பாவை அமாயா விட்டுவிட்டுப் போயிருந்தாள். அன்று சாயங்காலமே ஊர் முகப்புப் பலகையில் இருந்த 'ஆளில்லாத சுரங்க ஊர்' என்பதை அடித்தோம். அதன் மேல் மஞ்சள் எழுத்தில், ஒரு முழ உயரத்தில் எழுதினோம்: 'ஆள் இருக்கு. கதவைத் தட்டிவிட்டு வா.'