குளியலறைச் சுவர்

1
ஒரு பத்திரிகைக்காரர் கேட்டதால் பிறந்த கதை இது. "பயத்த ஜெயிச்சு கனவத் துரத்தின ஒருத்தரப் பத்தி எழுதுங்க. படிச்சா நம்பிக்கை வரணும்."

நம்பிக்கை வரவழைக்கும் வேலை எனக்குத் தெரியாது. என் அக்காவைத் தெரியும். கட்டட வேலையில் சித்தாள். கலவைச் சட்டி சுமந்து சுமந்து உச்சந்தலையில் முடி இல்லை. கொத்தனார் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை.

2
முதல் வரி: 'விடியலின் பொன்னொளியில் அவள் கண்களில் ஒரு கனவு...'

(வேண்டாம். அவள் கண்களில் சிமெண்ட் எரிச்சல்தான் இருக்கும்.)

அடுத்த முயற்சி: 'அவள் பயந்தாள்.'

அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

"எதுக்குப் பயந்தேன்னு எழுதலயேடா?"

"நீயே சொல்லு."

"பூசுற கரண்டி குடுன்னு கேட்டா சிரிப்பானுங்க. சிரிச்சாக்கூடப் பரவால்ல. நாளைக்கு வராதேன்னுட்டா?"

3
போன வாரம், சாப்பிடப் போன கொத்தனார் நேரத்துக்குத் திரும்பவில்லை. குழைத்த கலவை இறுகத் தொடங்கியது. வீணானால் திட்டு சித்தாளுக்குத்தான். அக்கா அவருடைய கரண்டியை எடுத்தாள்.* குளியலறைச் சுவரைப் பூசி முடித்தாள். பார்த்துப் பார்த்தே பழகிய கை. மேடு பள்ளம் இல்லை.

மேஸ்திரி வந்து தடவிப் பார்த்தார். அப்போதுதான் ஏப்பம் விட்டபடி வந்த கொத்தனாரின் தோளில் தட்டினார். "இன்னிக்குத்தான்யா ஒழுங்கா பூசியிருக்க!"

கொத்தனார் வாய் திறக்கவில்லை. அக்கா திறந்தாள்.

"அது நான் பூசினதுங்க."

[பத்திரிகைக்காரர் இங்கே கைதட்டுவார். பயம் போயே போச்சு. இதோடு நிறுத்தினால் அச்சில் வந்துவிடும்.]

* சித்தாள் கரண்டி பிடிக்கக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் அழிக்கலாம்.

4
"அப்ப நாளையிலேருந்து நான் சட்டி தூக்கணுமா?" கொத்தனார் சிரித்தார்.

மேஸ்திரி மறுபடி பார்த்தார். அதே சுவர். இப்போது கோணலாகத் தெரிந்தது அவருக்கு. கரண்டியை அக்காவிடம் நீட்டினார்.

"நீயே சுரண்டிப் போடும்மா. அவரு திரும்பப் பூசுவாரு."

இத்தனை வருடத்தில் அவளிடம் ஒருவர் கரண்டி நீட்டியது அதுதான் முதல் தடவை.

5
முடிவு அ: சுரண்டினாள். மறுநாளும் வேலை இருந்தது.

முடிவு ஆ: கரண்டியை வீசிவிட்டு வேறு கட்டடத்துக்குப் போனாள். அங்கே பதில்: "சித்தாள் வேலைன்னா வா. கொத்தனாரா? போம்மா, காமெடி பண்ணாத."

முடிவு இ: 'சுரண்ட மாட்டேன்' என்று நின்றாள். உடனே மேஸ்திரி

இதற்கு மேல் வரவில்லை. நடந்தது எது என்று அக்காவிடம் கேட்டேன்.

"அதச் சொன்னா உன் பத்திரிகைக்காரரு போடமாட்டாருடா."

எனக்கும் எழுதக் கை வரவில்லை. மேஸ்திரி நீட்டியபடி நிற்கிறார். பூச்சு இன்னும் ஈரம். நம்பிக்கை தேடி இவ்வளவு தூரம் வந்தீர்களே, கரண்டியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.