மாப்பிள்ளை வராத இடம்

…இல்லை, பாலத்தடியில் இருக்கிறதே அதுவும் சரிப்பட்டு வராது, அங்கே கறுப்பு பீர் பிரமாதம்தான், காப்பிக் கசப்பு மாதிரி ஒன்று தொண்டையில் கடைசிவரை நிற்கும், ஆனால் நான் உள்ளே நுழைந்ததுமே பீர் காய்ச்சுகிற அந்தத் தாடிக்காரன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, எங்க சார் உங்க ஜோடி என்று கேட்பான், நான் என்ன சொல்வேன், என் தங்கை அவ புருஷனை விட்டு வந்துட்டாப்பா, கூடவே நானும் வந்துட்டேன் என்றா? ரயில் நிலையத்துக்கு எதிரே மாடியில் இருப்பது? ஐயோ, வேண்டவே வேண்டாம், பீர் காய்ச்சும் செம்புத் தொட்டிக்குப் பக்கத்து மேசை எங்கள் மேசை, மாப்பிள்ளை இன்றைக்கு எங்காவது போயிருந்தால் அங்கேதான் முதலில் போயிருப்பார். மரத்தடியில் நாற்காலி போட்ட இடத்துக்குப் போகலாமா, அங்கே கோதுமை பீர் நுரை உதட்டிலேயே தங்கும்… அதைக் கண்டுபிடித்ததும் அவர்தான். பழைய அச்சகத்தைப் புதுப்பித்த இடம், அதுவும் அவர். இத்தனை பெரிய ஊரில் நிம்மதியாக ஒரு கிளாஸ் குடிக்க எனக்கென்று ஒரு இடம் இல்லை, சே, இதெல்லாம் ஒரு பிழைப்பா? சனிக்கிழமை அரை நாள் வேலை முடித்து, லிஃப்ட் கிரீஸ் வாசனை விரலை விட்டுப் போகாமல், பேருந்து நிறுத்தத்தில் நின்று யோசிக்கிற யோசனை இது. வீட்டுக்குப் போக வேண்டியதுதானே? போகலாம். போகலாம்தான்…

வீட்டில் தங்கை இருக்கிறாள். ஒரே ஒரு பெட்டியோடு வந்து இறங்கிச் சில வாரமாகிறது. அன்றைக்கு அழக்கூட இல்லை, செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, "அண்ணா, காரணம் கேக்காத. ஆனா இனிமே அவரோட ஒரு வார்த்தை நீ பேசக் கூடாது. பேசினேன்னு தெரிஞ்சா அதுக்கப்புறம் நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்" என்றாள். எங்கே போவாய் என்று கேட்க வாய் வரவில்லை, போக இடமில்லை என்று எனக்கும் தெரியும் அவளுக்கும் தெரியும், ஆனால் போய்விடுவாள், பிடிவாதக்காரி, சொன்னால் சொன்னதுதான். நானும் பெரிய வீரன் மாதிரி, விடும்மா, அந்த ஆள் யாரு நமக்கு என்று சொல்லிவிட்டேன். யாரு நமக்கு! சொன்ன வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கலாம். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள், ஆபீஸில் இருப்பவர்கள் சம்பள நாளுக்குச் சிநேகிதர்கள், கூடப் படித்தவர்கள் பிறந்தநாளுக்குப் பூப்படம் அனுப்புகிறார்கள். காரணம் கேட்காதே என்று அவள் சொன்னது, உண்மையைச் சொன்னால், எனக்கு வசதியாகப் போய்விட்டது, கேட்டால் அவர் மேல் கோபப்பட வேண்டியிருக்கும், கோபம் வரமாட்டேன் என்கிறது, என்ன செய்ய? சனிக்கிழமை மத்தியானம் ஆனால் உள்ளங்கால் அரிக்கிறது, அவ்வளவுதான் வருகிறது.

மாப்பிள்ளை பெயிண்ட் கம்பெனியில் நிறம் கலக்கிறவர், அவருக்கு வெள்ளையிலேயே பத்து வகை உண்டு, கிளாஸை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, "மச்சான், போன தடவைக்கு இது ஒரு சொட்டு மஞ்சள் தூக்கல்" என்பார், சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எங்களுக்குள் ஒரு சட்டம், முதல் வாய் குடித்ததும் பேசக் கூடாது, முகத்தைக்கூட மாற்றக் கூடாது, பிறகு மேசையை மூன்று தட்டு தட்டிவிட்டு இருவரும் ஒரே நேரத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஒருநாள் இரண்டு பேரும் ஒருசேர "சோப்பு!" என்று கத்தி, அடுத்த மேசைக் குழந்தை பயந்து அழுதது, அந்தக் குழந்தையின் அப்பா எங்களை அடிக்க வந்தார். முதல் கிளாஸ் வரைக்கும் வாங்க மாப்ள, போங்க மாப்ள, இரண்டாவதில் வாய்யா போய்யா, மூன்றாவதில் டா, வீட்டு வாசலுக்கு வந்ததும் மறுபடியும் வாங்க, போங்க. "சனிக்கிழமைன்னா அவரு உன் புருஷன்ண்ணா, ஞாயித்துக்கிழமை மிச்சம் மீதி இருந்தா எனக்கு" என்று தங்கை சொல்வாள், நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம், அவளும் சிரித்தாள். சிரித்தாளா? சிரித்த மாதிரித்தான் ஞாபகம்… கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், பின்னால் விளக்கு எரியும், முகம் எங்கே தெரிந்தது. பேருந்து வந்துவிட்டது, ஏறியாயிற்று, எங்கே போகிறேன் என்றே தெரியாமல் ஏறிவிட்டேன்.

தெரியாமல் என்ன, தெரியும். வணிக வளாகத்தின் மேல்தளத்தில் இருக்கிறதே, அங்கே. மாப்பிள்ளை செத்தாலும் இனிமேல் கால் வைக்காத ஒரே இடம் அதுதான். ஒரே ஒரு தடவை போனோம், பீரில் ஸ்ட்ராபெரி வாசனை, கிளாஸ் விளிம்பில் ஒரு குட்டிக் குடை, பாட்டு வேறு காதைக் கிழிக்கிறது, தீர்ப்புச் சொல்லக்கூட மேசையைத் தட்டவில்லை அவர், "இங்க வர்றதுக்கு வீட்ல பச்சைத் தண்ணி குடிச்சிட்டுப் படுக்கலாம் மச்சான்" என்று எழுந்துவிட்டார். அதனால்தான் அது பத்திரமான இடம். அண்ணன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், கொடுத்த வாக்கைக் காப்பாற்ற ஸ்ட்ராபெரி பீர் குடிக்கிற அண்ணன் யாருக்குக் கிடைப்பான்? மனைவி கூப்பிட்டாள், "எங்க இருக்கீங்க, மூணு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம்னு பார்த்தேன்" என்றாள், ஒரு லிஃப்ட் நின்னு போச்சும்மா, ஆள் உள்ளே மாட்டிக்கிட்டாங்க என்றேன், "தினமும் யாராவது மாட்டிக்கிறாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். புத்திசாலி. தினமும்தான். தங்கை வந்த நாளிலிருந்து நான் ஒருநாள்கூட வெளிச்சத்தோடு வீடு திரும்பவில்லை, ஏதோ ஒரு தெரு, ஏதோ ஒரு கடைவாசல், உள்ளே எட்டிப் பார்ப்பது, அவர் இருப்பாரோ என்று திரும்புவது… அவர் இருப்பாரோ என்றுதானே எட்டிப் பார்ப்பதும்? சீ, என்ன புத்தி இது.

வளாகத்துக் கண்ணாடி லிஃப்ட் இரண்டாவது தளம் தாண்டும்போது கிறீச்சென்கிறது, எண்ணெய் போட்டுப் பல மாதம் ஆகியிருக்கும், எந்தக் கம்பெனி பார்க்கிறதோ, எனக்கென்ன, இன்று நான் வெறும் பயணி. உள்ளே அதே பாட்டு, அதே குளிர், தொப்பி போட்ட பெண் வந்து, "ஒருத்தரா சார்?" என்கிறாள். ஆமாம், ஒருத்தர்தான். பழமெல்லாம் வேண்டாம், சாதாரணமா ஏதாவது இருந்தா கொண்டாம்மா என்றேன், தூண் ஓரமாக உட்கார்ந்தேன், கிளாஸ் வந்தது, முதல் வாய் குடித்தேன், முகத்தை மாற்றாமல், பழக்கதோஷம், கை தானாக மேசையைத் தட்டப் போனது, நிமிர்ந்தேன்… தூணுக்கு அந்தப் பக்கம், சுவரைப் பார்த்த மேசையில், கிளாஸை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை.

முதலில் வந்தது சந்தோஷம், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, பாதி எழுந்தேவிட்டேன். அப்புறம்தான் அவர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை, கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார், அவ்வளவுதான், சரி, இங்கேயும் வந்துட்டியா என்கிற மாதிரி. அப்போதுதான் உறைத்தது. இந்த ஆள் ஏன் இங்கே வந்தார், இந்தக் குட்டிக் குடைக்காரன் கடைக்கு? நான் எதற்கு வந்தேனோ அதற்கு. மச்சான் சாகும்வரை வரமாட்டான் என்று கணக்குப் போட்டு வந்திருக்கிறார். என்ன திமிர்! நான் ஒளிகிறேன் என்றால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது, என் தங்கை, என் வாக்கு, இவர் எதற்கு என்னிடமிருந்து ஒளிய வேண்டும், நான் என்ன செய்தேன் இவருக்கு? இத்தனை நாளும் ஊர் முழுக்க இவர் என்னைத் தேடிக்கொண்டிருப்பார் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன், நான்தான் பெரிய மனசு பண்ணி விலகி விலகிப் போகிறேன் என்று… கன்னம் சுட்டது. குடித்தது என்ன ருசி என்றே தெரியவில்லை.

அவர் எழுந்தார். பாதி பீர் அப்படியே இருந்தது, பாதி வைத்துவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர். வாசலுக்குப் போக என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும், நான் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன், நரைத்த மீசையும் பெயிண்ட் வாசனையும் பக்கத்தில் வந்து நின்றன, உட்காரவில்லை.

"ராத்திரி தூங்குறாளா?" என்றார்.

பேசக் கூடாது. ஒரு வார்த்தை கூடாது. "தூங்குறா" என்றேன்.

"தூங்க மாட்டா மச்சான்" என்றார், கோபமாக இல்லை, நிறம் சொல்கிற அதே குரலில். "கதவ மூடிட்டா அவளுக்குத் தூக்கமே வராது. கொஞ்சமாவது திறந்திருக்கணும். வாய விட்டுக் கேக்க மாட்டா. நீயே பார்த்துச் செய்." அவ்வளவுதான், போய்விட்டார், தொப்பிக்காரப் பெண் நன்றி சார் என்று சொல்வது கேட்டது.

கதவு. எங்கள் வீட்டில் தினமும் அந்தச் சின்ன அறைக் கதவை மனைவிதான் மூடுகிறாள், பாவம் அவளாவது நிம்மதியா தூங்கட்டும் என்று, தாழ்ப்பாள் சத்தம்கூட வராமல், அத்தனை பிரியமாக மூடுகிறாள். சின்ன வயதில் நாங்கள் எல்லாரும் ஒரே அறையில் படுத்தவர்கள், மூடுவதற்கு ஏது கதவு, எனக்கு எப்படித் தெரியும்? எப்படித் தெரியும் என்கிறேனே, இத்தனை வாரமாக என் வீட்டில் இருக்கிறாள், காலையில் அவள் கண்ணை ஒருநாள் பார்த்திருந்தால் தெரிந்திருக்காதா? இன்றைக்குப் போய், கதவைத் திறந்தே வைம்மா என்று சொன்னால் போதும், தங்கை சட்டென்று நிமிர்ந்து பார்ப்பாள், இது உலகத்தில் ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும், யார் சொன்னாங்க என்றுகூடக் கேட்க மாட்டாள், பெட்டியை எடுத்துவிடுவாள். எல்லாரும் படுத்த பிறகு நானே சத்தமில்லாமல் திறந்து வைத்தால்? விழித்துக்கொண்டு படுத்திருப்பவளுக்குக் கதவு திறப்பது தெரியாமலா போகும்? சொன்னால் போய்விடுவாள், சொல்லாவிட்டால் தூங்க மாட்டாள்… என்ன செய்யலாம் என்று யாரையாவது கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும், இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் நான் எப்போதும் கேட்கிற ஆள் இப்போதுதான் லிஃப்டில் இறங்கிப் போகிறார்.