டாக்டர் முதிந்தாவுக்குச் சம்பளச் சீட்டு இல்லை

என்னிடம் சம்பளச் சீட்டு இருந்தது. டாக்டர் முதிந்தாவிடம் இல்லை. கதை இவ்வளவுதான் கண்ணுகளா. ஆனால் இதைச் சொல்லி முடிக்க நேரமாகும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு பல்கலைக்கழகம். அதன் பயிர் நோய்த் துறையில் பத்தொன்பது வருடம் தேநீர் போட்டேன், கோப்பை கழுவினேன். மாதம் இருபத்தைந்தாம் தேதி ஒரு சீட்டு வரும். 'திக்கேலேடி மொஃபோகெங், பணியாளர்' என்று அச்சடித்திருக்கும். அதன் அருமை எனக்கே தெரியாது. அதில் பட்டாணி மடித்து வைத்திருக்கிறேன்.

முதிந்தா ஸாம்பியாவில் சோமா ஊர்க்காரி. மக்காச்சோளத்தில் பூஞ்சை ஏறினால் ஒரு நஞ்சு ஊறும். அதைத் தின்ற பிள்ளைகள் வளராமல் நின்றுபோகும். அந்த நஞ்சைப் பற்றி லுசாக்காவில் படித்து டாக்டர் பட்டம் வாங்கினாள். அங்கேயே நாலு வருடம் பாடம் நடத்தினாள். அப்புறம் எங்கள் பேராசிரியர் ராபன்ஹைமர் இரண்டு வருட ஆராய்ச்சிக்கு அவளைக் கூப்பிட்டார்.

வந்த கடிதத்தில் ஒரு வாக்கியம்: 'இது சம்பளம் அல்ல, உதவித்தொகை, ஆகவே வருமான வரி பிடிக்கப்படாது.' சோமாவில் வீடே கூடி அந்தத் தொகையை இந்த ஊர் ரேண்டிலிருந்து அவர்கள் ஊர் குவாச்சாவுக்கு மாற்றிப் பார்த்துச் சிரித்ததாம். இனி எங்களை அடையாளம் தெரியுமா மேடம் என்று கொழுந்தன் கேலி பண்ணினானாம். முதிந்தா பார்த்த வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்தாள்.

"சம்பளம்னா என்ன, உதவித்தொகைன்னா என்ன, காசு காசுதானேன்னு நெனச்சேன் அம்மா," என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான். அந்த வாக்கியத்தைப் பரிசு என்று படித்துவிட்டாள்.

ஊழியர் குடியிருப்பில் கேட்டால், நீங்கள் ஊழியர் இல்லையே என்றார்கள். மாணவர் விடுதியில் கேட்டால், நீங்கள் மாணவி இல்லையே, படித்து முடித்துவிட்டீர்களே என்றார்கள். கடிதத்தில் 'வீடு தேட உதவி உண்டு' என்று இருந்தது. அந்த உதவி ஒரு தாள். அதில் ஆறு இணையதள முகவரிகள், அவற்றில் இரண்டு திறக்கவே இல்லை. கடைசியில் நகரத்தின் யேவில் பகுதியில், நாலு பெண்கள் படுக்கும் ஓர் அறையில், ஒரு கட்டிலை வாடகைக்கு எடுத்தாள். ஒப்பந்தம் கிடையாது, ரசீது கிடையாது. ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். காலையில் எங்கள் தேநீர் அறைத் தொட்டியில்தான் முகம் கழுவுவாள்.

ஜனவரி வந்தது. பள்ளிக்கூடம் திறக்கும் மாதம். சோமாவில் அவள் புருஷன் தன் வேலையை விட்டுவிட்டு, சாமான்களை விற்றுவிட்டு, ஏழு வயது மகள் லுயாண்டோவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறத் தயாராக இருந்தார். சனிக்கிழமை மத்தியானம் இறங்குவார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் வாடகை ஒப்பந்தத்தின் நகலைக் காட்டினால்தான் இடம். யேவில் வீட்டுக்காரியோ, குழந்தை குட்டியெல்லாம் இங்கே ஆகாது என்று முன்பே சொல்லிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை கென்சிங்டனில் ஒரு வீடு பார்த்தோம். இரண்டு அறை, சமையலறையில் நல்ல வெயில். எனக்கு இரண்டு தெரு தள்ளி என்பதால் நானும் கூடப் போனேன். ஏஜென்ட் திருமதி பீனார் மரியாதையாகத்தான் பேசினாள். வாடகை பிரச்சினை இல்லை, அட்வான்ஸும் இருக்கிறது, ஆனால் மூன்று மாதச் சம்பளச் சீட்டு வேண்டும், இல்லாவிட்டால் வேலை கொடுத்தவர்களின் கடிதம் வேண்டும் என்றாள். முதிந்தா வங்கிக் கணக்கைக் காட்டினாள். அதில் மாதாமாதம் பணம் விழுந்திருந்தது. அது போதாதாம்.

நான் என் பையைத் துழாவி என் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். நான் ஜாமீன் நிற்கிறேன் என்றேன். திருமதி பீனார் அதைப் பார்த்துவிட்டு, இந்த வாடகையை விட உங்கள் சம்பளம் குறைவு அம்மா என்று மெல்லத் தள்ளினாள். முதிந்தா அந்தச் சீட்டை எடுத்து வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல நீங்க பணியாளர்னு போட்டிருக்கு. அப்போ நான் யாரும்மா?"

 அவளே சீட்டை மடித்து என் பையில் வைத்தாள்.

மறுநாள் பேராசிரியர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். முதிந்தா எங்கள் துறை ஊழியர், நம்பி வீடு தரலாம் என்று. நல்ல மனுஷன்தான், எழுதியதும் மறந்துவிட்டார். திருமதி பீனார் சரி என்றாள். முதிந்தா அன்று இரண்டு பாய் வாங்கினாள். வியாழக்கிழமை காலை ஏஜென்டிடமிருந்து போன். பல்கலைக்கழகத்தின் பணியாளர் அலுவலகமே கூப்பிட்டு, அந்தக் கடிதம் செல்லாது, அவர் எங்கள் ஊழியர் இல்லை என்று சொல்லிவிட்டதாம்.

அந்த அலுவலகத்துக்கும் தேநீர் கொண்டுபோவது நான்தான். முதிந்தா உள்ளே போனபோது நான் தட்டோடு நின்றிருந்தேன். அங்கே தலைமையில் இருந்த திருமதி செகாலே கெட்டவள் இல்லை. அதற்கு முந்தின மாதம்தான் தன் மகள் கல்யாணத்துக்கு என்னையும் அழைத்தாள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கெட்டவளாக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

"ப்ரொஃபசருக்கு அப்படி எழுத அதிகாரம் இல்ல டாக்டர்," என்றாள். "நீங்க ஊழியர்னு ஒரு காகிதம் வெளிய போச்சுன்னா, நாளைக்கு மருத்துவக் காப்பீடு கேப்பீங்க, பென்ஷன் கேப்பீங்க."

"நான் பென்ஷன் கேக்க வரலை. எம்பொண்ணு சனிக்கிழமை வர்றா. அவள எங்க படுக்க வைக்கிறது?"

"அது உங்க குடும்ப விஷயம்."

மேஜையில் புதிதாக அச்சான ஆண்டறிக்கை கிடந்தது. வழவழப்பான தாள். முதிந்தா அதைத் திருப்பினாள். நடுப்பக்கத்தில் வெள்ளை அங்கி போட்டு, கையில் மக்காச்சோளக் கதிரோடு அவளே சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே பெரிய எழுத்தில், 'எங்கள் ஆய்வுப் பணியாளர்கள் 412 பேர்.' படத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இது யாரு?"

"அது விளம்பரப் பிரிவு போட்டது," என்றாள் திருமதி செகாலே, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

முதிந்தா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று பிற்பகல் பேராசிரியர் கணினியைத் தூக்கிக்கொண்டு தேநீர் அறைக்கே வந்தார். முதிந்தா ஆறு மாதம் உழைத்து எழுதிய கட்டுரை, அடுத்த புதன்கிழமைக்குள் பத்திரிகைக்குப் போக வேண்டும். அதை வைத்துத்தான் அவருக்கு அடுத்த நிதி. உங்களுக்கு இது தெரிந்திருக்காது, நானும் கோப்பை பொறுக்கும்போது காதில் விழுந்து கற்றுக்கொண்டதுதான்: கட்டுரை எழுதியவரின் பெயருக்குக் கீழே எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதோ, அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அரசாங்கம் கட்டுரைக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கும். முதிந்தா அந்த இடத்தை மாற்றியிருந்தாள். 'தனி ஆய்வாளர், நால்வர் படுக்கும் அறை, யேவில்.'

பேராசிரியர் தப்பு விழுந்திருக்கிறது என்றார்.

"தப்பில்ல சார். நான் எங்க வேலை பாக்கறேனோ அதத்தான அங்க எழுதணும்? இங்க நான் வேலை பாக்கலன்னு உங்க ஆபீஸே ஊருக்கெல்லாம் போன் பண்ணுது. நான் மட்டும் பொய் எழுதணுமா?"

விதை நம்முடையது, கருவி நம்முடையது, மின்சாரம் நம்முடையது என்று அவர் ஏதேதோ சொன்னார்.

"கை என்னோடது சார்," என்றாள் அவள். "இந்தக் கைக்கு மூணு மாசச் சீட்டு இல்லையாம்."

அவர் ஆறிப்போன தேநீரைக் குடித்தார். அப்புறம் எழுந்து, நிர்வாகிகள் உட்காரும் மேல்மாடிக்குப் போனார். லிஃப்ட் பழுது, நாலு மாடி ஏறிப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடிதம் வந்தது கண்ணுகளா. ஆறு மாதம் அலைந்தும் கிடைக்காதது, ஒரே ராத்திரியில். வாடகைக்குப் பல்கலைக்கழகம் ஜாமீன் என்று முத்திரை குத்திய கடிதம். முதிந்தாவின் கண் அந்தத் தாளின் கீழ் ஓரத்துக்குப் போனது. பொடி எழுத்தில் 'இருப்பிட உத்தரவாதம், படிவம் 17' என்றும் ஒரு தேதியும் இருந்தது. நாலு வருடத்துக்கு முந்தைய தேதி. புதிதாகச் செய்த கடிதமில்லை. நாலு வருடமாக இழுப்பறையில் கிடந்திருக்கிறது.

தாளை எடுத்துக்கொண்டு கீழே போனாள். இத்தனை நாள் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"இந்த நம்பர் சொல்லி யாரும் கேக்கல," என்றாள் திருமதி செகாலே.

"இருக்குன்னு தெரிஞ்சாத்தான கேப்பாங்க. நானூத்திப் பன்னெண்டு பேர்ல எத்தனை பேருக்குக் குடுத்திருக்கீங்க?"

திருமதி செகாலே தேநீரில் சர்க்கரை போட்டாள். "நீங்கதான் முதல்," என்றாள்.

என் கையில் கொதிக்கிற கெண்டி இருந்தது. அதை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவ்வளவுதான் சொல்லுவேன்.

ஒப்பந்தம் கையெழுத்தானது. சனிக்கிழமை பார்க் ஸ்டேஷனில் லுயாண்டோ பஸ்ஸை விட்டு இறங்கினாள், கையில் ஒரு பை நிலக்கடலையோடு. "எத்தனை பேரு படுப்போம்?" என்றுதான் முதலில் கேட்டாள். அம்மா போனில் சொன்ன கதைகளெல்லாம் ஞாபகம் இருந்திருக்கிறது. மூணு பேர் மட்டும் என்று அவள் அப்பா சொன்னார். என் வீட்டுப் பானையைக் கொண்டுபோய் அங்கே மக்காச்சோள மாவில் நிஷிமாக் களி கிண்டினோம். குழந்தை காலி அறைக்கு நடுவில் கை காலைப் பரப்பிக்கொண்டு தூங்கினாள். அவள் அப்பா முதிந்தாவிடம், இனிமேல் கோபத்தை விட்டுவிடு, காரியம் நடந்துவிட்டதே என்றார். முதிந்தா பானையைத் தேய்த்தாள்.

திங்கட்கிழமை பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கிருந்து நேராக வந்தவள் தேநீர் அறையில் இருக்கும் நகல் இயந்திரத்துக்குப் போனாள். தன் பெயரை மறைத்துவிட்டு, அந்தப் படிவத்தைக் கட்டுக் கட்டாக எடுத்தாள். முதல் தாளைக் காசோங்கோவிடம் கொடுத்தாள். காங்கோவில் லுபும்பாஷி ஊர்க்காரன், அவனும் அவளைப் போல டாக்டர்தான். நாலு மாதமாக விதைக் கிடங்குக்குப் பின்னால் படுக்கிறான். அவன் சவரக் கத்தி என் தேநீர் அலமாரியில்தான் இருக்கும். செவ்வாய்க்கிழமை திருமதி செகாலேயின் கதவுக்கு வெளியே பதினோரு பேர் நின்றார்கள். கிட்டங்கியில் படிவம் தீர்ந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினாள். முதிந்தா இன்னொரு கட்டு எடுத்தாள்.

புதன்கிழமை காலை பேராசிரியர் மறுபடியும் வந்தார். கடிதம்தான் வந்துவிட்டதே, இப்போதாவது அந்த இடத்தை மாற்றம்மா என்றார். முதிந்தா திரையைப் பார்த்தபடியே யேவிலை அழித்தாள். கென்சிங்டன் என்று அடித்தாள். பல்கலைக்கழகத்தின் பெயரை அடிக்கவில்லை.

"நீ ஒத்துக்கிட்டதா மேல சொல்லிட்டு வந்திருக்கேன்," என்றார் அவர்.

"நான் ஒத்துக்கலையே சார். காசோங்கோ இன்னிக்கு எங்க படுக்கறார்னு மேல கேட்டுட்டு வாங்க. சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு."

 அவர் மறுபடியும் படியேறினார். லிஃப்ட் இன்னும் பழுதாகத்தான் இருந்தது.