படிக்காத நாவலுக்கு நாலு பக்கம்

மாதிரித் தேர்வில் நாலாம் தரத்துக்குக் கீழே போனால், செவ்வாயும் வியாழனும் பள்ளி விட்ட பிறகு கூடுதல் ஆங்கில வகுப்பு. எங்கள் பள்ளியின் சட்டம் இது. தரம் ஒன்றில் தொடங்கி மேலே ஏறும், ஒன்பதுதான் உச்சம். எங்கள் ஊர் பித்தளை ஊதுகருவி பேண்டின் ஒத்திகையும் அதே செவ்வாய், வியாழன்தான். யார்க்‌ஷயர் மண்டலப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. முதல்முறையாக எனக்குக் கார்னெட் என்ற சின்ன ஊதுகொம்பில் தனி வாசிப்பு கிடைத்திருந்தது. ஒத்திகைக்கு நான் வராவிட்டால் அது டங்கன் குரோதருக்குப் போய்விடும். அவன் கார்னெட் வாசிப்பதில்லை, அதோடு சண்டை போடுகிறான்.

இலக்கியத் தாளில் ஏழு நாவல்களுக்குக் கேள்வி இருக்கும். ஒவ்வொரு பள்ளியும் அதில் ஒன்றைத்தான் நடத்தும். நாம் படித்ததைத் தேடிப் பிடித்து அதற்கு மட்டும் எழுத வேண்டும். ஆங்கிலம் எடுக்கும் கார்சைட் மிஸ் இதை நூறு தடவையாவது சொல்லியிருப்பார். அந்த நூறு தடவையும் நான் மேஜைக்கடியில் விரல்களால் என் தனி வாசிப்பைப் பழகிக்கொண்டிருந்தேன்.

தேர்வு உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. தாளைத் திறந்ததும் கண்ணில் பட்ட முதல் கேள்விக்கே எழுத ஆரம்பித்தேன். நாவலிலிருந்து ஒரு பகுதியை அச்சிட்டிருந்தார்கள். ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் மேஜையில் இரண்டு தட்டு வைக்கிறார். சாப்பிடுவது அவர் ஒருவர்தான். மனைவி அவரை விட்டுப் போய் ஒரு வருடமாகிறது. பிறகு இரண்டு தட்டையும் கழுவுகிறார்.

இதை எப்போது நடத்தினார்கள்? நவம்பரில் பனியில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டு இரண்டு வாரம் வீட்டில் கிடந்தேனே, அப்போதுதான் என்று முடிவு கட்டினேன். நான் இல்லாத நேரம் பார்த்து இரண்டாவது நாவல் ஒன்றை நடத்தி முடித்துவிட்டார்களே படுபாவிகள் என்று திட்டிக்கொண்டே எழுதினேன்.

வழக்கமாக எனக்கு ஒரு வாய்பாடு உண்டு. கருத்து, மேற்கோள், விளக்கம், மறுபடி கருத்து. அன்றைக்கு மனப்பாடம் செய்த மேற்கோள் ஒன்றும் கையில் இல்லை. அதனால் தெரிந்ததை எழுதினேன். யாரும் தொடாத தட்டை ஒருவர் ஏன் கழுவ வேண்டும்? கழுவினால்தானே அவள் வந்து சாப்பிட்டுப் போனதாக ஆகும். ‘நாவலின் மற்ற பகுதிகளையும் விளக்குக’ என்று வேறு கேட்டிருந்தார்கள். இப்படிப்பட்ட மனிதர், கடைசி ரயில் போன பிறகும் நடைமேடை விளக்கை அணைக்க மாட்டார் என்று அடித்துவிட்டேன். நாலு பக்கம் வந்தது.

வெளியே தோழி பெத்தானி காத்திருந்தாள்.

“கப்பல் கேப்டனைப் பத்தி என்னடி எழுதின?”

“எந்தக் கேப்டன்?”

“ஒரு வருஷமா படிச்சோமேடி, அந்தக் கேப்டன்!”

“அப்போ ஸ்டேஷன் மாஸ்டர்?”

பெத்தானி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “போச்சு போ. டங்கனுக்கு இப்பவே வாழ்த்து சொல்லிடு.”

அந்த வாரம் எனக்குச் சாப்பாடே பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மீன் வறுவலையே தம்பிக்குக் கொடுத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதிரித் தேர்வுத் தாள்களை எங்கள் ஆசிரியர்களும் பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியர்களும் மாற்றித் திருத்திக்கொள்வார்கள். தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். திங்கட்கிழமை இடைவேளையில் கார்சைட் மிஸ் என்னைக் கூப்பிட்டு என் தாளை முன்னால் வைத்தார். கடைசியில் ஊதா மையில் எழுதியிருந்தது: ‘ஐந்தாம் தரம். இந்த மாணவர் நாவலைத் திரும்பத் திரும்பப் படித்திருப்பது தெரிகிறது.’

“ஹெட்டி, இந்த நாவலை எப்போ படிச்ச?”

பொய் வாய்வரை வந்தது. ஆனால் அந்த ஊதா மையைப் பார்க்கப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

“படிக்கவே இல்ல மிஸ். கேள்வித்தாள்ல இருந்தது மட்டும்தான்.”

சொல்லி முடித்ததுமே டங்கனின் கார்னெட் என் காதில் அலறியது.

“எனக்குத் தெரியாதா? உங்களுக்குக் கேப்டனை நடத்தினவளே நான்தானே.”

“அப்போ நாளைக்கு எக்ஸ்ட்ரா கிளாஸ் வரணுமா மிஸ்?”

“எதுக்கு? தாள்ல இருக்கறதுக்குத்தான் மார்க். நீ ஊகிச்ச அந்த நடைமேடை விளக்குகூடப் புத்தகத்துல நிஜமாவே வருது. அஞ்சுன்னா அஞ்சுதான். ஆனா மே மாசம் நிஜப் பரீட்சையில இந்த வேலை வெச்சுக்காதே, ஒழுங்கா கேப்டனையே எழுது.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “இந்தப் புத்தகத்தை நான் ஆறு தடவை படிச்சிருக்கேன்டி. அவர் ரெண்டு தட்டையும் கழுவுறது என் கண்ணுல படவே இல்ல.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போட்டிக் கோப்பையைக் கையில் கொடுத்திருந்தால்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டேன்.

“மிஸ், அவரோட மனைவி திரும்பி வந்தாங்களா?”

மிஸ் அலமாரியைத் திறந்து ஒரு பழைய பிரதியை எடுத்து என் கையில் திணித்தார். “என்னைக் கேக்காதே.”

மறுநாள் செவ்வாய். மாதாகோவில் கூடத்தில் எல்லோரும் வாத்தியத்தோடு உட்கார்ந்துவிட்டார்கள். நான் வாசற்படியில், தூறலுக்குக் கோட்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேண்டு நடத்தும் லம்ப் சார் கையில் கோலோடு வெளியே வந்தார்.

“ஏம்மா, இருபத்தஞ்சு பேர் உனக்காகக் காத்துக்கிட்டிருக்கோம். உனக்குத் தனி வாசிப்பு வேணுமா, வேணாமா?”

“வேணும் சார்,” என்றேன், புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல். “இன்னும் ரெண்டே பக்கம். அதுவரைக்கும் டங்கனை வாசிக்கச் சொல்லுங்க.”