இந்த வருஷம் ஒளித்து வைப்பது யார்

எனக்கு மறதி கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக எலெக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறேன். நான் ஒயர் இழுத்த வீடு என்றால், எந்தச் சுவருக்குள் எது ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆகஸ்ட் மாதம் வீடு மாறியபோது நாற்பத்து மூன்று அட்டைப்பெட்டிகள் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் உள்ளே இருப்பதை என் கையாலேயே எழுதினேன். ஒரு ஸ்பூன்கூடக் காணாமல் போகவில்லை. அப்படிப்பட்டவள்தான் குழந்தை இயேசுவைப் பழைய வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

கணவர் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் இது புரியும். ஜனவரியில் கிறிஸ்துமஸ் குடிலைப் பிரித்து, மரியாள், சூசை, ஆடு மாடு எல்லாரையும் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைப்போம். குழந்தை மட்டும் பெட்டிக்குப் போகாது. கட்டைவிரல் நீளமே இருக்கும் அந்தக் களிமண் சொரூபத்தை ஒருவர் வீட்டுக்குள் எங்காவது ஒளித்து வைப்பார். அடுத்த டிசம்பரில் இருபத்து மூன்றாம் தேதி குடில் கட்டும்போது மற்றவர்கள் தேட வேண்டும். யார் கையில் அகப்படுகிறதோ அவர்தான் வாசல் நட்சத்திரத்துக்கு சுவிட்ச் போடலாம். அடுத்த தடவை ஒளித்து வைக்கும் முறையும் அவருக்கே. குழந்தை கிடைக்காமல் நட்சத்திரம் எரியக் கூடாது. என் மாமனார் போட்ட சட்டம். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் யாரும் அதில் கை வைக்கவில்லை.

போன தடவை முறை என்னுடையது. பழைய வீட்டுக் கூடத்தில் ஒயர் இல்லாத சுவிட்ச் பெட்டி ஒன்று சுவரோடு சுவராகக் கிடந்தது. மேலே வெறும் மூடி மட்டும். குழந்தையைக் கைக்குட்டையில் சுற்றி அதற்குள் வைத்து மூடியைத் திருகிவிட்டேன். இந்த வருஷம் ஒருத்தராலும் முடியாது என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். ஏப்ரலில் வீட்டை விற்கும் பேச்சு வந்தது, ஆகஸ்டில் மாறினோம். குடில் பெட்டியில் குழந்தை இல்லாதது கண்ணை உறுத்தவே இல்லை. இல்லாமல் இருப்பதுதானே முறை?

இருபத்து மூன்றாம் தேதி காலை புது வீட்டில் வேலை மும்முரமாக நடந்தது. நான்காவது மாடி, மூன்று அறை. ஜன்னலோரம் கிறிஸ்துமஸ் மரம் நின்றது. போன வருஷத்துக் காகிதச் சங்கிலியை இஸ்திரி போட்டு மாட்டினேன். வாசலில் நட்சத்திரத்தைத் தொங்கவிட்டு ஒயரைச் சுவர் ஓரமாக அழகாக இழுத்தும் ஆயிற்று. என் கணவர் பஸ் ஓட்டுகிறவர், பிரேக் போடத் தெரிந்த மனுஷர். எனக்கு அது வராது என்பதால்தான் எனக்கு ஃபியூஸ் என்று பெயர் வைத்திருக்கிறார். குடிலுக்கு வைக்கோல் பரப்பி முடித்ததும் அவர் தேட ஆரம்பித்தார். மெத்தையைத் தூக்கினார், செருப்பு அலமாரியைக் குடைந்தார். கடைசியில் சர்க்கரை டப்பாவுக்குள் கையை விட்டபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தலைகீழாக நின்றாலும் முடியாது, அது கூடத்துச் சுவரில் என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். என் மனசில் இருந்தது இந்தக் கூடம் இல்லை.

வேறு வருஷமாக இருந்தால் இரண்டு பேரும் சிரித்துவிட்டுப் போயிருப்போம். இந்த வருஷம் நாத்தனார் வருகிறார்.

என் நாத்தனார் கணவருக்கு மூத்தவர். வேறு ஊரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்து விடுதியிலேயே ஓர் அறை, வருஷத்துக்கு ஒரு முறை கிறிஸ்துமஸுக்குப் பிறந்த வீடு. கூரை ஒழுகுகிறது, விற்கலாம் என்று முதலில் வாயைத் திறந்தவள் நான்தான். அவர் மறுபேச்சு பேசாமல் கையெழுத்துப் போட்டார். ஆனால் புது வீட்டுச் சாவி ஒன்றை நீட்டியபோது வாங்கவில்லை. அது உங்கள் வீடு, எனக்கு எதற்குச் சாவி என்றார். அந்தச் சாவி அன்றிலிருந்து கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. போன வாரம் போனில், இந்த வருஷம் வருவதாகவும், அடுத்த வருஷத்திலிருந்து விடுதியிலேயே இருந்துவிடலாம் என்று யோசிப்பதாகவும் சொன்னார்.

அவர் வராமல் போவது எனக்குப் பொறுக்காது. காரணம் பழையது. நான் வாழ வந்த முதல் வருஷம், அந்தப் பழைய வீட்டில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எங்கே உட்காருவது என்றுகூடத் தெரியாமல் நின்றேன். எல்லாரும் தேடிக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் ஓர் அலமாரி உச்சியைப் பார்த்துவிட்டு, "எனக்கு எட்டலை, நீ ஏறிப் பாரேன்" என்று ஸ்டூலை நகர்த்தினார். ஏறினேன், குழந்தை இருந்தது. நட்சத்திரத்துக்கு சுவிட்ச் போட்டவள் நான். இரவு படுக்கும்போதுதான் உறைத்தது, அவர் என்னைவிட ஒரு சாண் உயரம். அதைப் பற்றி நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஆனால் அன்றைக்குத்தான் அது என் வீடு ஆயிற்று.

கணவர் ஒரு யோசனை சொன்னார். கடைத்தெருவுக்குப் போய் அதே அளவில் புதுக் குழந்தை ஒன்றை வாங்கிவந்தார். பழைய குழந்தைக்கு இடது கால் பெருவிரல் கிடையாது; நாத்தனார் ஆறு வயதில் கீழே போட்டு உடைத்தது. இவர் புதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என் அரத்தால் அதன் விரலை ராவ ஆரம்பித்தார். எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. அந்தக் கால் விரலைப் போல இன்னொன்றை உலகத்தில் எவனாலும் உடைக்க முடியாது, அக்காவை முட்டாள் என்று நினைத்தீர்களா என்று கத்திக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது.

நாத்தனார் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். பெட்டியோடு வாசலில் நின்றவர், முதலில் எரியாத நட்சத்திரத்தைப் பார்த்தார். பிறகு தம்பி கையில் இருந்த அரத்தையும் மடியில் இருந்த குழந்தையையும் பார்த்தார். தலைமையாசிரியைகளிடம் பொய் சொல்ல எனக்கு வராது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நாற்காலியில் உட்கார்ந்து, "அப்ப அதுவும் அங்கேயே தங்கிடுச்சு" என்றார்.

அந்த 'அதுவும்' என்னைச் சுட்டது. டூல் பையைத் தோளில் மாட்டினேன். "வாங்க அண்ணி, போய் எடுத்துட்டு வருவோம்" என்றேன். வரமாட்டேன் என்பார் என்று நினைத்தேன். கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

பழைய வீட்டை வாங்கியவர் ஒரு பல் டாக்டர் அம்மா. கூடம் இப்போது காத்திருக்கும் இடம். எங்கள் சாப்பாட்டு மேஜை இருந்த இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், அதில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நான்கு பேர். சுவரெல்லாம் புதுப் பெயிண்ட். சுவிட்ச் பெட்டி இருந்த இடத்தில் ஆளுயரப் பல் படம் ஒன்று ஈறோடு சிரித்தது. டாக்டர் முகமூடியை இறக்கி, நான் சொன்னதை இரண்டு தடவை கேட்டார். இங்கே வருகிறவர்கள் உள்ளே இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு போகத்தான் வருகிறார்கள், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். புது எலெக்ட்ரீஷியன் ஒருவர் அந்தப் பெட்டி வழியாக ஏதோ ஒயர் கொண்டுபோயிருக்கிறார், மெயினை அணைக்க வேண்டும், அதற்கு முன் பாதியில் நிற்கும் ஒரு பல்லை முடிக்க வேண்டும் என்று உள்ளே போனார்.

நாங்கள் நோயாளிகளோடு உட்கார்ந்தோம். நாத்தனார் எதையும் பார்க்காதது போல எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வரவேற்பில் இருந்த பெண் தெருப்பக்கத்து ஜன்னலைத் திறக்கப் போராடினாள், அசையவில்லை. நாத்தனார் எழுந்துபோய், முழங்காலால் சட்டத்துக்கு அடியில் ஒரு முட்டு முட்டி, இடது பக்கம் தூக்கினார். சட்டென்று திறந்துகொண்டது. அந்தப் பெண் வாயைப் பிளந்தாள். நாத்தனார் திரும்பி வந்து உட்கார்ந்து, கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே பேசினார்.

"இந்த ஜன்னல் நான் தொட்டாத்தான் திறக்கும். மாடிக் குழாயும் அப்படித்தான். உங்க புது வீட்டுல எல்லாமே ஒழுங்காத் திறக்குது. அங்க எனக்கு என்ன வேலை?"

வீட்டை விற்றதற்கு நான் வருத்தப்படவில்லை, இன்றைக்கும் வருத்தம் இல்லை; கூரை அப்படி. ஆனால் இந்தக் கேள்வியை நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை என்பது வெட்கமாக இருந்தது.

பல் முடிந்தது. மெயினை அணைத்தேன். பல் படத்தை இறக்கி, பெயிண்ட் பூசிய மூடியின் ஓரத்தைக் கத்தியால் கீறி, திருகுகளைக் கழற்றினேன். டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், கரண்ட் இல்லை. உள்ளே புது ஒயர்கள் பாம்புக் குட்டிகள் போல அடைத்துக் கிடந்தன. டார்ச் அடித்தேன். ஒயர்களுக்குப் பின்னால், அடிமூலையில், என் நீலக் கைக்குட்டையின் நுனி தெரிந்தது. பாருங்கள், என் மறைவிடம் ஒரு எலெக்ட்ரீஷியனையே ஏமாற்றியிருக்கிறது.

இதைவிடக் குறுகலான ஓட்டையில் கையை விட்டு ஒயர் இழுத்தவள் நான். முழங்கைவரை தழும்பு இருக்கிறது. ஆனாலும் கையை இரண்டு விரல் அளவுக்கு உள்ளே விட்டு, முகத்தைச் சுளித்து, வெளியே எடுத்தேன்.

"நுழையலை அண்ணி. உங்க கை ஒல்லி. நீங்க பாருங்களேன்."

நாத்தனார் என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பெண்பிள்ளைகளை முப்பது வருஷமாக மேய்த்த பார்வை; அதன் முன்னால் நான் கண்ணைச் சிமிட்டாமல் நின்றேன்.

"அன்னிக்கு எனக்கு எட்டாத மாதிரியா?" என்றார் மெதுவாக.

"அதே மாதிரிதான்" என்றேன்.

அவர் வளையலை மேலே தள்ளிக்கொண்டு கையை உள்ளே விட்டார். ஒயர்களை ஒதுக்கி, துழாவி, கைக்குட்டையைப் பிடித்து இழுத்தார். முடிச்சை அவிழ்த்து இடது காலைத் தடவிப் பார்த்தார். விரல் இல்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வலியை மறந்து கைதட்டினார். நாத்தனாரின் கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைக்காமலேயே டாக்டர் அம்மாவிடம், அந்த ஜன்னலை எப்படித் திறப்பது என்று ஒரு பாடமே எடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு நாத்தனார் சுவிட்ச் போட்டார், நட்சத்திரம் எரிந்தது. எதிர் வீட்டுக்காரர், எலெக்ட்ரீஷியன் வீட்டிலேயே ஃபியூஸ் போய்விட்டதோ என்று பயந்துகொண்டிருந்தாராம். ஃபியூஸ் போகாது, கத்தத்தான் செய்யும் என்றார் என் கணவர். விரல் தேய்ந்த கடைக் குழந்தையைத் தூக்கி எறிய மனசு வராமல் ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவில் உட்கார வைத்தோம். இரட்டைப் பிள்ளை என்று நாத்தனார் கேலி செய்தார்.

பண்டிகை நாட்கள் முழுக்க அவர் வீட்டை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். அலமாரிகளின் பின்பக்கத்தைத் தட்டினார், பரணை எட்டிப் பார்த்தார். குளியலறைக் குழாய்க்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டார். நான் கண்டுகொள்ளவில்லை, ஒளிக்கிறவரைக் கண்காணிப்பது சட்டவிரோதம்.

ஜனவரி ஆறாம் தேதி குடிலைப் பிரித்தோம். எங்கள் இருவரையும் மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டு, அரைமணி நேரம் வீட்டைத் தனியாக வைத்துக்கொண்டார். பிறகு தன் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அடுத்த வருஷம் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் பஸ் ஏறிவிட்டார். நானும் கேட்கவில்லை. பஸ் நிலையத்திலிருந்து திரும்பி வந்து கதவைச் சாத்தியபோதுதான் பார்த்தேன். ஆணி மட்டும் இருந்தது.

எனக்கு மறதி கிடையாது. சாவியை அங்கேதான் மாட்டியிருந்தேன்.