வெளிக்கோப்பை உள்ளே வரலாமோ

காளிமுத்துவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கண்டி நகரசபையில் தெருக்கூட்டுகிற மனுஷன், மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், "செல்லச்சாமி முதலாளி கடையில நம்மளைக் கதிரையில உக்கார வச்சுத்தான் டீ குடுப்பாங்க" என்று அளந்துவிட்டார். தெல்தோட்டையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அப்பா கறுப்பையா சும்மா இருப்பாரா? "அப்ப பேச்சை அங்கேயே முடிச்சிருவோம், வாங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

போச்சு, மகள் அங்கம்மாவின் கல்யாணம் போச்சு! அந்தக் கடையில் காளிமுத்துவின் ஆட்களுக்கு வாசலுக்கு வெளியே, பைப்படியில் ஆணியில் தொங்கும் தகரக்கோப்பைதான். நின்றே குடித்து, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி மாட்டிவிட்டு வர வேண்டும். வழியெல்லாம் அவர் கும்பிடாத சாமியில்லை.

முந்தின நாள் நடந்த கூத்து பாவம் அவருக்குத் தெரியாது. சுகாதாரப் பரிசோதகர் வந்து உள்ளேயிருந்த கோப்பைகளை மோந்து பார்த்து முகம் சுளித்தார். வெளிக்கோப்பைகளைப் பார்த்துவிட்டு, "இந்தக் கடையில் சுத்தம் என்றால் இதுதான்" என்று சொல்லிப் போய்விட்டார். கந்தோரில் எழுத்து வேலை பார்த்துவிட்டு, தினமும் கடைக்குள் உட்கார்ந்து குடிக்கும் கிளாக்கர் தியாகராஜாவுக்கும் கூட்டாளிகளுக்கும் பொறுக்குமா? எங்களுக்கும் அந்தக் கோப்பைதான் வேண்டும் என்று நின்றார்கள். ஆனால் செல்லச்சாமி ஆசாரம் தவறாதவர். வெளிக்கோப்பை உள்ளே வந்தால் தீட்டு. ஆகவே ஐயாமார் வெளியே வந்தார்கள். ஐயாமாரோடு காளிமுத்துவின் ஆட்கள் நின்றால் அதுவும் தீட்டு. ஆகவே மற்றவர்கள் உள்ளே! எப்படி இருக்கிறது நியாயம்?

"காளிமுத்து, இங்க நிக்கக் கூடாது! உள்ளே போய்க் கதிரையில உக்காரு!" என்று, கறுப்பையாவோடு வாசலில் வந்து நின்றவரைப் பார்த்துச் செல்லச்சாமி கத்தினார்.

காளிமுத்து தயங்கித் தயங்கி உள்ளே காலை வைத்தார்.

"முதலாளி என்ன உரிமையா அதட்டுறாரு!" என்று கறுப்பையா அசந்துபோனார். உள்ளே கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு வாசலைப் பார்த்தார். மழைத் தூறலில், குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு தியாகராஜா சாம்பல் போட்டுக் கோப்பை தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க என்ன ஆளுங்க சம்பந்தி? வெளியே நிறுத்தி வச்சிருக்காங்க?"

உண்மையைச் சொன்னால் குட்டு உடையும், கல்யாணமும் உடையும். "அது வந்துங்க..." என்று காளிமுத்து இழுத்தார்.

"விடுங்க, புரிஞ்சிருச்சு. காச்சட்டை போட்டு என்ன பண்ண!" கறுப்பையா கதிரையை வாசலை விட்டுத் தள்ளிப் போட்டுக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு சம்பந்தி. இப்படி வெளியே நின்னு குடிக்கிற ஆளுங்க யாரும் நம்ம பந்தியில உக்காரக் கூடாது. வாசல்லயே குடுத்து அனுப்பிருங்க. சரின்னா இப்பவே தேதி வைப்போம்."

வெளியே நின்று குடிக்கிற ஆட்கள். நேற்றுவரை அது காளிமுத்து, அவர் தம்பி, அவர்கள் குடியிருக்கும் மகியாவ லயம் முழுக்க.

"ஆகட்டும் சம்பந்தி" என்றார் காளிமுத்து. தடுமாற்றமே இல்லாமல் வந்தது வார்த்தை. இத்தனை வருஷம் அந்தப் பைப்படியில் நின்று வயிறெரிந்தவன் நான்தானா என்று அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. கறுப்பையா சந்தோஷமாக இன்னொரு டீ சொன்னார்.